ஆபத்து நேரும்போது சாதாரண மனிதர்கள் எதிர்த்து நிற்பார்களா?

கத்தியோ துப்பாக்கியோ ஏந்திய ஒருவன் எதிரே வந்து நின்றால், போலீஸ் பயிற்சியோ ராணுவப் பயிற்சியோ இல்லாத சாதாரண மனிதர்கள் உண்மையிலேயே எதிர்த்துப் போராடுவார்களா, அல்லது உயிர் பிழைத்தால் போதும் என்று எல்லோரும் ஓடிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அப்படி ஒரு நிலை வந்தால் நான் என்ன செய்வேன் என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தாக்கப்படுபவர் தனக்காகப் போராடுவாரா என்பது ஒன்று. பக்கத்தில் நிற்கும் அந்நியர் அவருக்காக முன்வருவாரா என்பது இன்னொன்று. நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியான பதில் உண்டு. மூன்றாவதற்கு முன்கூட்டியே பதில் சொல்ல யாராலும் முடியாது. ஏன் முடியாது என்பதை வேண்டுமானால் சொல்லலாம். நான் மருத்துவ உளவியலாளர். வழிப்பறி, வீடு புகுந்து கொள்ளை, பாலியல் தாக்குதல், குடும்ப வன்முறை ஆகியவற்றிலிருந்து மீண்டவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். தற்காப்புக் கலை என் துறை இல்லை என்பதால், எப்படித் தடுப்பது, எப்படி அடிப்பது என்பதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று. திடீர் வன்முறையின் முதல் சில நொடிகளில் மனிதர் முடிவெடுப்பதில்லை, உடல் முந்திக்கொள்கிறது. போராடு அல்லது ஓடு என்ற இரண்டு வழிகளைப் பற்றி அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் எழுதியது இன்றுவரை பள்ளிப் பாடங்களில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டுக்கும் முன்பாகப் பெரும்பாலும் வருவது உறைந்துபோதல். அசைவு நிற்கிறது, இதயத்துடிப்பு சற்றே குறைகிறது, கண்ணும் காதும் மட்டும் கூர்மையாகின்றன. விலங்குகளிடம் விரிவாக ஆராயப்பட்ட, நடுமூளையிலிருந்து இயங்கும் மிகப் பழைய ஏற்பாடு இது. பலருக்கு இது ஒரு கணத்தில் கலைந்து, ஓட்டமாகவோ எதிர்ப்பாகவோ மாறுகிறது. தப்பிக்க வழியே இல்லை என்று உடல் உணர்ந்துவிட்டால், நினைவு இருந்தும் கைகால்கள் அசையாத, குரல் எழும்பாத ஆழமான முடக்கமாக அது முற்றிவிடுகிறது. ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வன்முறைக்கு ஆளாகி அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் இப்படி முடங்கியதாகவும், 48 விழுக்காட்டினர் மிகக் கடுமையாக முடங்கியதாகவும் தெரிவித்தார்கள்.

நம் ஊரில் இதைக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வார்கள். என்னிடம் வருகிறவர்கள் அந்த வார்த்தைகளிலேயே தொடங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காலையில் பால் வாங்கித் திரும்பும்போது சங்கிலி பறிக்கப்பட்ட ஒரு பெண்மணி, பைக்கின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் நிறம், பறித்தவனின் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு, அந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலில் கோலம் பாதியில் நின்றிருந்தது என்பது வரை சொன்னார். கத்தினீர்களா என்று போலீசார் கேட்டதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. சங்கிலி இழுபட்டுக் கழுத்துத் தோல் கிழிந்தபோதும் பால் பாக்கெட்டை அவர் கீழே போடவே இல்லை. விடு என்ற கட்டளை கைக்குப் போய்ச் சேரவில்லை. அவர் கோழை என்று யாராவது சொன்னால் நான் கோபப்படுவேன். அவருடைய புலன்கள் எல்லாம் விழித்திருந்தன. உடல் மட்டும் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த கட்டம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைத் தமிழ்நாட்டில் பலரும் பார்த்திருப்பீர்கள். 2019 ஆகஸ்டில் திருநெல்வேலிப் பக்கம் கடையத்துக்கு அருகே, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை, முகமூடி அணிந்து வந்த இருவரில் ஒருவன் பின்னாலிருந்து துண்டால் இறுக்குகிறான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வரும் மனைவி, வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வீசுகிறார். பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிகிறார். பிடியிலிருந்து விடுபட்ட கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்குகிறார். அரிவாளோடு வந்தவர்கள் கடைசியில் ஓட்டம் எடுத்தார்கள். அந்தத் தம்பதிக்குத் தமிழக அரசு அதே மாதம் சுதந்திர தின விழாவில் விருது வழங்கியது. காட்சியைப் பார்த்தவர்கள் சிலிர்த்துப் பகிர்ந்தார்கள், எனக்கும் சிலிர்ப்புதான். ஆனால் அம்மையாரின் கையில் அரிவாள் வெட்டு விழுந்ததையும், கழுத்துச் சங்கிலி பறிபோனதையும் பகிர்ந்தவர்களில் பலர் குறிப்பிடவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதில் இருக்கிறது. தாக்குதல் தொடங்கியபோது அவர் தாக்கப்படுபவராக இல்லை. தன்னுடையவர் தாக்கப்படுவதைப் பார்த்தவராக இருந்தார். தனக்காக ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாதவர், பிள்ளைக்காகவோ கணவனுக்காகவோ அரிவாளின் முன்னால் போய் நிற்பதை என் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அது ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். அப்படி நடக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

போராடுவதும் போராடாததும் ஒருவருடைய பிறவிக் குணம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் 2001 செப்டம்பர் 11ஆம் தேதியை நினைவூட்டுவேன். அன்று காலை அமெரிக்காவில் கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இருந்தவர்கள் ஒரே வகை மனிதர்கள்தாம்: விற்பனைப் பிரதிநிதிகள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விமானப் பணியாளர்கள். அதற்கு முன்பிருந்த அனுபவம் அவர்கள் எல்லோருக்கும் கற்றுத் தந்திருந்தது ஒன்றே: கடத்தல்காரர்களை எதிர்க்காதே, அமைதியாக இரு, விமானம் எங்காவது இறங்கும், பேச்சுவார்த்தை நடக்கும், பெரும்பாலோர் உயிரோடு வீடு திரும்புவார்கள். அன்றுவரை அது தவறான அறிவுரையும் இல்லை. முதல் விமானம் உலக வர்த்தக மையத்தில் 8:46க்கும், இரண்டாவது 9:03க்கும், மூன்றாவது பென்டகனில் 9:37க்கும் மோதின. இரண்டாவது விமானத்திலிருந்து தன் தாயிடம் பேசிய ஒரு பயணி, விமானி அறைக்குள் பாய்வதைப் பற்றி நாங்கள் யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே எண்ணம் அங்கேயும் எழுந்தது, நேரந்தான் இல்லை.

நான்காவதான யுனைட்டெட் 93, நியூவார்க்கிலிருந்து 8:00க்குக் கிளம்ப வேண்டியது, தாமதமாகி 8:42க்குத்தான் மேலெழுந்தது. 9:28க்குக் கடத்தப்பட்டது. பயணிகள் விமானத் தொலைபேசிகளிலும் கைபேசிகளிலும் வீட்டாரை அழைத்தார்கள். நியூயார்க்கில் என்ன நடந்தது என்பது அந்த அழைப்புகளின் வழியே தெரிய வந்தது. இந்த விமானம் எங்கும் இறங்கப் போவதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர்கள் செய்தது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பாக இருக்கிறது: தங்களுக்குள் பேசி, வாக்கெடுத்தார்கள். ஒரு பணிப்பெண் எறிவதற்காக வெந்நீர் கொதிக்க வைப்பதாகக் கணவரிடம் தொலைபேசியில் சொன்னார். 9:57க்கு முன்னோக்கிப் பாய்ந்தார்கள். 10:03க்கு, தலைநகர் வாஷிங்டனை அடைய ஏறக்குறைய 20 நிமிடப் பயணமே மீதமிருந்த நிலையில், விமானம் பென்சில்வேனியாவின் ஷாங்க்ஸ்வில் அருகே வயலில் விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேரும் இறந்தார்கள். மற்ற மூன்று விமானங்களில் இருந்தவர்களைவிட இவர்கள் துணிச்சலானவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. இவர்களுக்குக் கிடைத்தவை மூன்று: என்ன நடக்கிறது என்ற தெளிவு, சும்மா இருந்தாலும் சாவுதான் என்ற உறுதி, கூடச் சேர்ந்து எழ நாலு பேர். அந்த மூன்றும் சேர அரைமணி நேரம் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ஒருவன் தன் ஷூவில் வைத்திருந்த வெடிமருந்துக்குத் தீக்குச்சி கிழித்தபோது, பணிப்பெண்களும் பயணிகளும் உடனடியாக அவன்மேல் பாய்ந்து கட்டிப்போட்டார்கள். மூன்றே மாதங்களில் மனிதர்களின் குணம் மாறிவிடவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது மாறியிருந்தது.

இனி அந்நியர்களைப் பற்றி. யாரும் உதவிக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு உலகளவில் ஒரு மூலக்கதை உண்டு. 1964 மார்ச்சில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நாளிதழில் செய்தி வந்தது. அந்த எண்ணிக்கையும் சித்திரிப்பும் மிகைப்படுத்தப்பட்டவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. குத்துப்பட்டவரிடம் ஓடி வந்து மடியில் தாங்கிய அண்டை வீட்டுப் பெண் ஒருவரும் இருந்தார். ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு டார்லி, லடானே என்ற இரு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட சோதனை உண்மையானது. இன்னொருவர் வலிப்பால் துடிப்பது காதில் விழும்போது, தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் உதவிக்கு எழுந்தார்கள். மேலும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினர்தான் எழுந்தார்கள். கூட்டம் கூடக்கூட உதவி குறையும் என்ற கருத்து இதிலிருந்து வேரூன்றியது.

ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. தெருவில் அப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லான்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த முடிவு, பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டார் என்றது. கூட்டம் அதிகமாக இருந்தபோது யாராவது ஒருவர் குறுக்கிடும் வாய்ப்பும் அதிகமாயிற்று. கேப்டவுன் போன்ற வன்முறை மிகுந்த நகரத்திலும் இதே நிலைதான். எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த ஆய்வு இது. இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: ஆராயப்பட்டவை தெருவில் நடந்த வாய்த்தகராறுகளும் கைகலப்புகளும், கையைப் பிடித்து இழுப்பது, நடுவில் போய் நிற்பது, சமாதானம் சொல்வது எல்லாமே குறுக்கீடு என்று எண்ணப்பட்டன. அரிவாளோடு வந்து சில நொடிகளில் வெட்டிவிட்டுப் போகிறவனுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. 2016 ஜூன் 24ஆம் தேதி காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். கொலையாளி தப்பிவிட்டான், உடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. அந்தச் சில நொடிகளில் யாரும் பாயவில்லை என்பதை நான் குற்றமாகக் கருத மாட்டேன்; அது முதல் உறைவின் நேரம். அதற்குப் பிறகான இரண்டு மணி நேரத்துக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அங்கே வேலை செய்தது வழக்கு, சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற அச்சமும், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமுமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

துப்பாக்கியோடு வருபவனை வெறுங்கையால் மடக்க முடியுமா என்பதற்கும் ஓரளவு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் ஒருவன் சரமாரியாகச் சுட்ட 160 நிகழ்வுகளை எஃப்பிஐ தொகுத்தது. அவற்றில் 21 நிகழ்வுகள், ஆயுதமில்லாத பொதுமக்கள் சுட்டவனை மடக்கியதால் முடிவுக்கு வந்தன. அந்த 21இல் 11இல் மடக்கியவர்கள் பள்ளி ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள். ஏழில் அல்லது எட்டில் ஒன்று என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு, பாய்ந்தால் வெல்லலாம் என்று சொல்வது ஆபத்தானது. பாய்ந்து இறந்தவர்கள் அந்த 21க்குள் வர மாட்டார்கள். 2015 ஆகஸ்ட் 21ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் சென்ற ரயிலில் கலாஷ்னிகோவ் துப்பாக்கியோடு எழுந்தவனை மூன்று அமெரிக்க இளைஞர்களும் ஒரு பிரிட்டிஷ்காரரும் மடக்கியது உலகம் முழுதும் செய்தியாயிற்று. அவர்களுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுப் பயணி அவனோடு மல்லுக்கட்டினார் என்பதும், துப்பாக்கியைப் பிடுங்கிய இன்னொருவர் கழுத்தில் சுடப்பட்டு மயிரிழையில் பிழைத்தார் என்பதும், மூன்று இளைஞர்களில் இருவர் படைப்பிரிவுகளில் இருந்தவர்கள் என்பதும், அந்தத் துப்பாக்கி சரியாக வேலை செய்யவில்லை என்பதும் அதே நிகழ்வின் பகுதிகள். அவர்களுடைய வீரத்தை இவை எதுவும் குறைக்கவில்லை.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சில எண்களை நான் நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையினரில் எதிரியை நோக்கிச் சுட்டவர்கள் நான்கில் ஒருவருக்கு மேல் இல்லை என்று அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதியதை, மனிதர் இயல்பிலேயே கொல்லத் தயங்குபவர் என்பதற்குச் சான்றாகப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் அப்படி ஒரு கணக்கெடுப்பை முறையாக நடத்தினாரா என்பதே பிற்கால வரலாற்றாசிரியர்களால் கேள்விக்குள்ளாக்கப்பட்டுவிட்டது. அதுபோலவே, பேரிடரில் 10 முதல் 15 விழுக்காட்டினர் தெளிவாகச் செயல்படுவார்கள், 75 விழுக்காட்டினர் திகைத்து நிற்பார்கள், மீதிப் பேர் நிலைகுலைவார்கள் என்ற பங்கீடும் ஒரு தோராய மதிப்பீடே. கப்பல் மூழ்குவதும் தெருவில் கத்தி நீட்டப்படுவதும் ஒன்றல்ல.

உங்கள் கேள்வியில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று உண்டு. போராடுவது என்றால் அடிப்பது, இல்லையென்றால் ஓடுவது என்று இரண்டே வழிகளை வைத்திருக்கிறீர்கள். 2008 நவம்பர் 26ஆம் தேதி இரவு மும்பை காமா மருத்துவமனைக்குள் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்தபோது, பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் அஞ்சலி குல்தே, 20 கர்ப்பிணிகளையும் வார்டின் கோடியிலிருந்த சிறிய அறைக்குள் அனுப்பி, கதவடைத்து, விளக்கணைத்தார். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. அவரைச் சுவரோடு சுவராக நடத்திப் பிரசவ அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னாளில் அஜ்மல் கசாபை அடையாளம் காட்டிச் சாட்சியும் சொன்னார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில், பெரிய பையோடு வந்த அந்நியனைச் சந்தேகித்து, அனுமதி பெற்று வா என்று உள்ளே விடாமல் முற்றத்துக்கு அனுப்பிய சபை உறுப்பினர் ஒருவர் அந்தக் குண்டுவெடிப்பிலேயே இறந்தார். குழந்தைகள் உட்படப் பலர் அங்கே மாண்டார்கள். உள்ளே நிறைந்திருந்த சபைக்கு நடுவே அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருவரும் யாரையும் அடிக்கவில்லை. தனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்ற உணர்வு மனிதரை உறைவிலிருந்து விரைவாக எழுப்பிவிடுகிறது. செவிலியர், ஆசிரியர், நடத்துநர், வாசலில் நிற்பவர் ஆகியோர் ஆபத்தில் தெளிவாகச் செயல்பட்ட செய்திகள் இவ்வளவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

முன்கூட்டித் தயாராக முடியுமா என்றால், ஓரளவு முடியும். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 893 மாணவிகளைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்தை அடையாளம் காணவும், தெரிந்தவரானாலும் மறுத்துப் பேசவும், உடலால் எதிர்க்கவும் 12 மணி நேரம் பயிற்சி பெற்றவர்களில், அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 விழுக்காடு, கையேடுகள் மட்டும் கிடைத்தவர்களில் 9.8 விழுக்காடு. அடி உதையைவிட, இது சரியில்லை என்று உள்ளே தோன்றுவதைச் சீக்கிரமே நம்பக் கற்றதுதான் அந்தப் பயிற்சியின் சாரம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். முடிந்தால் ஓடுவது, முடியாவிட்டால் ஒளிவது, இரண்டும் முடியாதபோது மட்டும் முழு மூச்சாக எதிர்ப்பது என்று பல நாடுகளில் சொல்லித் தரப்படும் வரிசையும் நியாயமானதே. நகைக்காகவோ கைபேசிக்காகவோ கத்திமுனையில் போராட வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிய அச்சம் பலரைத் தடுப்பதால் அதையும் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. 35ஆவது பிரிவு, தன் உடலைக் காப்பதற்கு மட்டுமன்றிப் பிறர் உடலைக் காப்பதற்கும் அந்த உரிமையைத் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆவது பிரிவு வரம்பிடுகிறது; ஓடத் தொடங்கிவிட்டவனைத் துரத்திப்பிடித்து அடித்தே கொல்வதற்கு இதில் இடமில்லை. எதிர்க்காமல் போனவருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட விளக்கம், புதிய சட்டத்தின் 63ஆவது பிரிவிலும் தொடர்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று. வன்முறைக்கு ஆளான ஒருவர் உங்கள் வீட்டிலோ நட்பிலோ இருந்தால், ஏன் கத்தவில்லை, ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஸ்டாக்ஹோம் ஆய்வில், முடங்கிப்போனவர்களுக்கே ஆறு மாதங்களுக்குப் பின் மன அதிர்ச்சியின் பின்விளைவுகளும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. அவர்கள் அந்தக் கேள்வியை ஏற்கெனவே தங்களிடம் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். உறக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், அந்தத் தெருவையே தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது அழைக்க வேண்டிய எண் 112.